திங்கட்கிழமை ஸ்கூல் இருக்கே மாமா

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த 'அதாவது', 'வந்து' எல்லாத்தையும் முடிஞ்ச அளவு எடுத்தாச்சு.)

போன வாரம் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன். ராஜபாளையம். மேற்கால மலை, தெருவுக்கு நாலு நாய், எங்க திரும்பினாலும் பஞ்சு மில்லுன்னு இருக்கிற ஊரு. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ல அரை மணி நேரம்கூட ஆகாது. பால்கோவா வாங்கத்தான் போனேன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். உண்மையில போனது ஒரு நோட்டைப் பாக்குறதுக்கு. இன்னைக்கு எபிசோடே அந்த நோட்டைப் பத்திதான்.

ஜூலை மாசம் ஒரு ராத்திரி, நான் ஆன்கால்ல இருந்த நேரம், போன் அடிச்சது. செர்வர் ஏதோ விழுந்துடுச்சுன்னு பதறி எடுத்தா, அக்கா பொண்ணு. ஏழாவது படிக்கிறா. "மாமா, கலெக்டருக்கு மனு எழுதணும். மேல 'உயர்திரு' போடணுமா, 'மாண்புமிகு' போடணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எதுக்கு பாப்பா கலெக்டரு?"ன்னு கேட்டேன். பஸ்ஸுக்குன்னா.

அவங்க ஊரு ரெண்டு டவுனுக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. ஸ்கூல் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் ஒரு டவுன் பஸ். ஏற்கனவே கூட்டமா வரும். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க கூட்டமா நிக்கிறதைப் பாத்தா, ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்துவாங்க, இல்லைன்னா நிறுத்தாமலே போயிடுவாங்க. இலவச பாஸ்ல ஸ்கூலுக்குப் போன எல்லாருக்கும் இந்த ஓட்டம் தெரியும். அதை விட்டா அடுத்த பஸ் ஆறு மணிக்கு. மெயின் ரோட்டுல இறங்கி ஊருக்குள்ள நடக்கும்போது, ஐப்பசி கார்த்திகையில நல்லா இருட்டிடும்.

"சரி, கஷ்டம்தான். ஆனா கலெக்டர் வரைக்கும் போகணுமா?"ன்னு கேட்டேன். அப்பதான் விஷயத்தைச் சொன்னா. அந்த ஊர்ல இருந்து நாலு பொண்ணுங்க சேர்ந்து போறாங்க. அதுல ஒருத்தி எட்டாவது. அவங்க வீட்ல பேச்சு ஆரம்பிச்சாச்சு. வயசுக்கு வந்த பொண்ணு இருட்டுல ரோட்டுல நடந்து வர வேண்டாம், இந்த வருஷத்தோட நிறுத்திக்கலாம்னு.

அதாவது பஸ் நிக்கலைன்னா ஒரு படிப்பு நின்னுடும். பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு இது புரிஞ்சிருக்கு. எனக்கு அவ சொன்ன பிறகுதான் புரிஞ்சது.

"எத்தனை நாள் நிக்கலை? சும்மா 'எப்பவுமே நிக்கிறதில்லை'ன்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க"ன்னு கொஞ்சம் பெரிய மனுசத் தோரணையில சொன்னேன். உடனே பதில் வந்தது. "22 நாள்ல 13 நாள் நிக்கலை மாமா. ரஃப் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

தேதி, பஸ் வந்த நேரம், நின்னுச்சு, நிக்கலை. நாலு பத்தி. ஸ்கூல் திறந்த நாள்ல இருந்து. யாரும் சொல்லிக் கொடுக்கலை. எங்க டீம்ல லாக் ஒழுங்கா எழுதுங்கடான்னு நான் வருஷக்கணக்கா கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

சரின்னு, தெரிஞ்ச வழியைச் சொன்னேன். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் நேர்ல குடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னா. "திங்கட்கிழமை ஸ்கூல் இருக்கே மாமா."

யோசிச்சுப் பாருங்க. ஸ்கூலுக்குப் போய் வர முடியலைன்னு சொல்றதுக்கு ஒரு நாள் ஸ்கூலுக்கு லீவு போடணும். கூட வர்ற அம்மா ஒரு நாள் கூலியை விடணும். அந்தக் கூட்டம் தப்பான நோக்கத்துல வச்சதில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு அது ஒரே கதவு. ஆனா அந்தக் கதவுக்கு நேரம் குறிச்சவங்க மனசுல குழந்தைங்க இல்லை. குறை சொல்ல வர்றவங்கன்னா பெரியவங்கதான்னு எல்லாரும் நினைச்சிருக்கோம். நானும்தான்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம் பஸ் இல்லை. என்னோட ஆறாம் வகுப்பு.

இதை இந்தப் பாட்காஸ்ட்ல இதுவரைக்கும் சொன்னதில்லை. நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய அதிகாரி வர்றதா இருந்தது. ரெண்டு நாளா சுண்ணாம்பு அடிச்சாங்க, பூந்தொட்டி வந்தது. நல்லா பேசுற பையன்னு என்னை முன் பெஞ்சுல உக்கார வச்சாங்க. என்ன கேட்டா என்ன சொல்லணும்னு ஒத்திகையும் நடந்தது. அவர் வந்தார். நல்ல மனுஷன்தான், சிரிச்ச முகம். தோள்ல கையை வச்சு, "ஸ்கூல்ல ஏதாவது குறை இருக்காப்பா?"ன்னு கேட்டார்.

"இல்லை சார், எல்லாம் நல்லா இருக்கு சார்."

நல்லா சத்தமா சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பேனா கிடைச்சது.

எங்க ஸ்கூல் பொண்ணுங்க பாத்ரூம்ல தண்ணி வராது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எனக்கு அது தெரியும். மத்தியானம் தண்ணியே குடிக்காத பொண்ணுங்க இருந்தாங்க, எதுக்குன்னும் தெரியும். எனக்கு ரெண்டு பெஞ்சு பின்னாடி உக்காந்திருந்த ஒரு பொண்ணு, நான் பதில் சொன்னப்ப என்னைப் பாத்தா. கோபமெல்லாம் இல்லை. சும்மா பாத்தா. பத்தாவதுக்கு முன்னாடியே அவ மில்லு வேலைக்குப் போயிட்டா. வீட்டுக் கஷ்டம், ஆயிரம் காரணம் இருக்கும். என் பதிலாலதான் போனான்னு நான் சொல்ல வரலை. ஆனா அன்னைக்கு அவ சார்பாவும் சேர்த்து 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொன்னவன் நான்தான்.

டெக் ஆளுங்களுக்கு ஒரு வரியில சொல்றேன். டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும், கஸ்டமருக்கு ஆப் திறக்கவே திறக்காது. காரணம், எதைச் சோதிக்கணுமோ அவங்களே சோதனையை எழுதியிருப்பாங்க. அன்னைக்கு நான் அந்தப் பச்சை விளக்கு.

ரொம்ப நாள் நான் இதை என் பயம்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். இப்ப யோசிக்கும்போது, கேள்வியிலயும் ஒரு பிரச்சினை இருந்ததுன்னு தோணுது. இதுக்கு நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு.

காமராஜர் கதை உங்களுக்குத் தெரியும். எங்க மாவட்டத்துல அதைக் கேக்காம எந்தப் பிள்ளையும் வளராது. முதலமைச்சர் கார்ல போறார். வழியில மாடு மேய்க்கிற பையனைப் பாத்து, ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு கேக்குறார். போனா சோறு யாரு போடுவான்னு பையன் திருப்பிக் கேக்குறான். ஒவ்வொரு வாத்தியாரும் ஒவ்வொரு விதமாச் சொல்ற கதை இது. ஆனா 1956-ல மதிய உணவுத் திட்டம் வந்தது வரலாறு. அப்ப பொதுக் கல்வி இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராப் போய் மக்கள்கிட்ட அரிசி, பருப்பு, பணம்னு வாங்கி அதை வளர்த்ததும் வரலாறு. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார்.

இன்னும் பக்கத்துல வாங்க. சென்னையில ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போனப்ப, காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டதுக்கு மாணவிகள் இல்லைன்னு சொன்னதுதான் காலை உணவுத் திட்டத்துக்கு ஆரம்பம்னு மு.க.ஸ்டாலின் பேசியிருக்கார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில அந்தத் திட்டம் தொடங்குச்சு. முதல்ல 1,545 பள்ளிகள், சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளையில விரிவாக்கினப்ப 31 ஆயிரம் பள்ளிகள், ஏறத்தாழ 17 லட்சம் குழந்தைகள்.

இந்த ரெண்டுலயும் கட்சியை விட்டுடுங்க, கேள்வியை மட்டும் பாருங்க. "குறை இருக்கா?"ன்னு யாரும் கேக்கலை. ஏன் போகலை? சாப்பிட்டியா? நம்ம ஊர்ல வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல கேக்குற கேள்விதான் அது. அதுக்குக் குழந்தை பொய் சொல்லாது. 'குறை இருக்கா'ன்னு கேட்டா, இருக்குன்னு சொல்றது யாரையோ மாட்டி விடுற மாதிரி. பக்கத்துல வாத்தியார் நிப்பார், பின்னாடி ஹெட்மாஸ்டர் நிப்பார். 'பாத்ரூம்ல தண்ணி வருதா?'ன்னு அன்னைக்கு அந்த அதிகாரி கேட்டிருந்தா, ஒத்திகையில வராத கேள்வி. நான் 'வராது சார்'னு பட்டுன்னு சொல்லியிருப்பேன். குழந்தைங்ககிட்ட உண்மையை வாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தைக் கேக்கணும்.

சரி, கேக்குற தலைவர் வந்தாத்தான் குழந்தை பேசணுமா? தானாகப் போய்ச் சொன்ன குழந்தைங்க இல்லையா? இருக்காங்க. ஒரு யானைக் கதை சொல்றேன்.

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல டோக்கியோ உவேனோ மிருகக்காட்சி சாலையில இருந்த யானைகள் செத்துப் போச்சு. செத்ததுன்னா, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு பயந்து, 1943-ல பட்டினி போட்டுச் சாகடிச்சாங்க. போர் முடிஞ்சது. யானையே பாக்காத ஒரு தலைமுறை வளருது. டோக்கியோவுல ஒரு வட்டாரத்துப் பசங்க, அவங்களுக்குன்னு ஒரு குழந்தைகள் மன்றம் வச்சிருந்தாங்க. அதுல யானை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. அப்புறம் நூற்றுக்கணக்கான குழந்தைங்க நேருவுக்குக் கடிதம் எழுதினாங்க. மைசூர்ப் பக்கத்துல இருந்து ஒரு யானை கப்பல் ஏறிச்சு. நேரு தன் பொண்ணோட பேரை அதுக்கு வச்சார், இந்திரா. 1949 செப்டம்பர்ல உவேனோவுக்குப் போய்ச் சேர்ந்தது. இது என் பரிசு இல்லை, இந்தியக் குழந்தைங்க ஜப்பான் குழந்தைங்களுக்குக் கொடுக்கிற பரிசுன்னு நேரு எழுதினார்.

ரொம்ப அழகான கதை. ஆனா ஒரு விஷயம் உறுத்துது. யானை கேட்டா கொடுக்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம், போட்டோவும் நல்லா வரும். சில விஷயங்கள் யானையை விடக் கனம்.

2022-ல ஆவடி பக்கத்து நரிக்குறவர் சமூக மாணவிகள் பேசின வீடியோ ஞாபகம் இருக்கா? முதலமைச்சர் அவங்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஏப்ரல் மாசம் அவங்க குடியிருப்புக்கே போய், ஒரு மாணவி வீட்ல சாப்பிட்டார். உடனே செய்யக்கூடிய வசதிகள் சீக்கிரம் வந்தது. ஆனா அந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கணும்னு 1965-லயே லோகூர் கமிட்டி சொல்லியிருக்கு. அந்தச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துல நிறைவேறினது 2022 டிசம்பர்ல. 57 வருஷம். நடுவுல எத்தனை தலைமுறைப் பிள்ளைங்க சாதிச் சான்றிதழ் இல்லாம படிப்பை விட்டிருப்பாங்க? ஒரு தலைவர் வந்து உக்காந்து சாப்பிட்டா ரோடு வரும், விளக்கு வரும். சட்டம் வர, சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுறது நல்லதுதான். ஆனா மறுநாளும் பேச ஒரு இடம் வேணும்.

எங்க மாவட்டத்துலயே அப்படி ஒரு முயற்சி நடந்தது. கலெக்டரா இருந்த வீ.ப.ஜெயசீலன் 'காபி வித் கலெக்டர்'னு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். மாணவர்கள் சின்னச் சின்னக் குழுவா வந்து, கலெக்டர் கூட ஒரே மேஜையில உக்காந்து பேசுவாங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, தொடர்ந்து நடந்தது. எனக்கு அதுல பிடிச்சது மேஜை. மனுவை நின்னுக்கிட்டு கொடுப்போம். காபியை உக்காந்து குடிப்போம். உக்காந்தா பேச்சு வேற மாதிரி வரும்.

ஆனாலும் ஒரு மேஜையில எத்தனை நாற்காலி போட முடியும்? அங்க போற பிள்ளை யாரோ தேர்ந்தெடுத்து அனுப்பின பிள்ளை. முன் பெஞ்சுப் பையன் சுலபமாப் போயிடுவான், அது எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டு பெஞ்சு பின்னாடி இருக்கிறவளுக்கு எது வழி?

இதுக்காக அந்த ராத்திரி உக்காந்து தேடினேன். ரெண்டு விஷயம் கிடைச்சது. ஒண்ணு, நம்ம அரசியலமைப்புச் சட்டத்தோட 350-வது பிரிவு. குறையைத் தீர்க்கச் சொல்லி எந்த அதிகாரிக்கும், எந்த அரசு அமைப்புக்கும் மனு கொடுக்க ஒவ்வொரு நபருக்கும் உரிமை உண்டு, அந்த மாநிலத்துல புழங்குற மொழியிலயே கொடுக்கலாம்னு அது சொல்லுது. 'ஒவ்வொரு வாக்காளருக்கும்'னு இல்லை. '18 வயசு ஆனவருக்கு'ன்னும் இல்லை. ஒவ்வொரு நபருக்கும். இன்னொண்ணு, ஐ.நா.வோட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1989. அதோட 12-வது பிரிவு, குழந்தையைப் பாதிக்கிற எல்லா விஷயத்துலயும் அந்தக் குழந்தை கருத்துச் சொல்லலாம், வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மாதிரி அதுக்கு மதிப்புக் கொடுக்கணும்னு சொல்லுது. 1992-ல இந்தியா அதுல சேர்ந்தாச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே.

உரிமை இருக்கு. திங்கட்கிழமைதான் இடிக்குது.

அப்பதான் கர்நாடகா விஷயம் கண்ணுல பட்டது. 1990-கள்லயே உடுப்பி மாவட்டப் பக்கம், 'மக்கள பஞ்சாயத்து'ன்னு குழந்தைங்களே தேர்தல் வச்சுப் பஞ்சாயத்து நடத்தியிருக்காங்க. அப்புறம் 'மக்கள கிராம சபா'ன்னு, குழந்தைங்க பேசுறதுக்குன்னே ஒரு கிராம சபையை வருஷா வருஷம் நடத்தச் சொல்லி மாநில அரசே ஆணை போட்டது. இங்க பெங்களூர்ல இத்தனை வருஷம் இருக்கேன், எனக்குத் தெரியலை. பேரைப் பாத்ததும் முதல்ல குழம்பிட்டேன். கிராம சபைன்னாலே மக்கள் சபைதானே? அப்புறம் ரூம்மேட் சொன்னான், கன்னடத்துல 'மக்களு'ன்னா குழந்தைங்க.

நம்ம மொழியிலயும் அதுதானே? திருக்குறள்ல 'மக்கட்பேறு'ன்னு ஓர் அதிகாரமே இருக்கு. அங்க மக்கள்னா பிள்ளைங்கதான். 'உனக்கு எத்தனை மக்கா?'ன்னு தெக்க இன்னைக்கும் கேப்பாங்க. 'மக்கள் குறைதீர்க்கும் நாள்'னு போர்டுல எழுதியிருக்கிற அந்த வார்த்தைக்குள்ள குழந்தைங்க ஏற்கனவே இருக்காங்க. நாமதான் வெளியில நிறுத்தி வச்சிருக்கோம்.

சரி, பஸ் கதைக்கு வருவோம்.

கிராம சபைங்கிற வார்த்தை வந்ததும் காலண்டரை எடுத்துப் பாத்தேன். தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல நாலு நாள் அரசு விடுமுறை. ஸ்கூல் இல்லை! காலையில கொடியேத்தி மிட்டாய் வாங்குற பிள்ளைங்க, அதே ஊர்ல, அதே நாள். அப்படியே நடந்து போனா சபை நடக்குது. அவளுக்குப் போன் பண்ணி, "ஆகஸ்ட் 15 போ பாப்பா"ன்னேன். "அங்க பெரியவங்கதானே பேசுவாங்க?"ன்னு கேட்டா. சட்டப்படி பாத்தா கிராம சபை உறுப்பினர்னா வாக்காளர்தான். அவளுக்கு ஓட்டு இல்லை, தீர்மானம் கொண்டு வர முடியாது. ஆனா அவ நோட்டை வாசிக்கலாம், தீர்மானத்தை ஒரு பெரியவங்க கொண்டு வரலாம்னு சொன்னேன்.

நாலு பொண்ணுங்களும் போயிருக்காங்க. துணைக்கு அவளோட அப்பத்தா. நான் அங்க இல்லை, அக்கா சொன்னதைச் சொல்றேன். குடிதண்ணி, நூறு நாள் வேலைன்னு பேச்சு ஓடியிருக்கு. இவ எந்திரிச்சு, "நானும் ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சதும், கூட்டத்துல ஒருத்தர், "பாப்பா, பெரியவங்க பேசி முடிக்கட்டும்"னு சொல்லியிருக்கார். அப்பத்தா உக்காந்த இடத்துல இருந்தே கேட்டிருக்கு: "பஸ்ஸுல அவ போறாளா, நீ போறியா?"

அவ்வளவுதான். அவ நோட்டை வாசிச்சா. எந்தத் தேதி, எத்தனை மணி, நின்னுச்சு, நிக்கலை. கையெழுத்துப் போட்ட தீர்மானம் மேல போச்சு. கூடவே அவ கையால எழுதின மனு, நோட்டோட ஜெராக்ஸ், தபால்ல கலெக்டர் ஆபீஸுக்கும் போச்சு. 'உயர்திரு'தான் போட்டா.

ஒரு மாசம் ஒண்ணும் நடக்கலை. உண்மையைச் சொல்லணும்ல. நான் கூட, சரி, முயற்சி பண்ணியாச்சுன்னு விட்டுட்டேன். செப்டம்பர் கடைசியில ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாப்புல ஒருத்தர் வந்து நின்னு பாத்துட்டு, பிள்ளைங்ககிட்ட விசாரிச்சுட்டுப் போயிருக்கார். அதுக்கப்புறம் பஸ் நிக்க ஆரம்பிச்சது.

போன வாரம் நான் பாக்கப் போனது அந்த நோட்டைத்தான். நிறுத்தாம எழுதிக்கிட்டு வர்றா. கடைசி மாசம் 20 நாள்ல 16 நாள் நின்னிருக்கு. நாலு நாள் நிக்கலை. "ஏன் பாப்பா இன்னும் எழுதுற? பிரச்சினைதான் முடிஞ்சிருச்சே?"ன்னு கேட்டேன். "எழுதுறதை விட்டா மறுபடி நிறுத்த மாட்டாங்க மாமா"ன்னா. பன்னிரண்டு வயசு.

எட்டாவது படிக்கிற அந்தப் பொண்ணு இன்னும் ஸ்கூலுக்கு வர்றா. வீட்ல அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியிருக்கு. அடுத்த ஜூன்ல என்ன ஆகும்னு அடுத்த ஜூன்லதான் தெரியும்.

இதைக் கேக்குற நீங்க பெரும்பாலும் என்னை மாதிரி. சின்ன ஊர்ல பொறந்து, பெரிய ஊர்ல சம்பளம் வாங்குறவங்க. உங்களுக்கு மூணு விஷயம் சொல்றேன், எல்லாமே ஒரு சனிக்கிழமையில பண்ணக்கூடியது.

ஒண்ணு. ஊர்ல இருக்கிற அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளைகிட்ட, 'நல்லா படிக்கிறியா?'ன்னு கேக்குறதை விட்டுட்டு, ஸ்கூலுக்கு எப்படிப் போற, பாத்ரூம்ல தண்ணி வருதா, மத்தியானம் என்ன சாப்பிட்டன்னு கேளுங்க. பதில் வந்தா எழுதி வைக்கச் சொல்லுங்க. தேதியோட.

ரெண்டு. வழிகளைச் சொல்லிக் கொடுங்க. கிராமம்னா கிராம சபை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி நகராட்சின்னா கிராம சபை கிடையாது, 2022-ல இருந்து பகுதி சபை இருக்கு. உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட எப்ப நடக்கும்னு கேளுங்க. ஸ்கூல் சம்பந்தமான சந்தேகம், புகார்னா 14417. முதலமைச்சர் உதவி மையம் 1100. ஒரு குழந்தைக்கு ஆபத்து, அடி, பயம்னா யோசிக்காம 1098. இந்த நம்பரைப் பிள்ளைங்களே கூப்பிடலாம். வெளிய தெரிஞ்சா பிரச்சினை வரும்ங்கிற மாதிரி புகார்னா, பிள்ளை பேரை முன்னாடி நிறுத்தாதீங்க. அதை நீங்க சொல்லுங்க. தைரியமான பொண்ணுன்னு வீடியோ எடுத்துப் போடுறதும் வேண்டாம். அதனாலதான் நானும் இந்த எபிசோட்ல அவ பேரையோ ஊர்ப் பேரையோ சொல்லலை.

மூணு. அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு ஒண்ணு இருக்கு. 2024-ல அதை மாத்தி அமைச்சப்ப, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. மாணவர்களுக்கு அதுல இடம் இல்லை. முன்னாள் மாணவர்னா நாமதான். அவங்க சொல்றதை அந்த மேஜைக்குக் கொண்டு போகலாம்.

நான் போன வாரம் என் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்தேன். பேர் கொடுத்துட்டு வந்திருக்கேன், அடுத்த தடவை குழு அமைக்கும்போது பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வெளிய வரும்போது, பின்கட்டுல பொண்ணுங்க பாத்ரூம் பக்கம் தண்ணி குழாய் ஓடுற சத்தம் கேட்டது. அங்க ஒரு ஆறாம் வகுப்புப் பையன் நின்னான். "தண்ணி எல்லா நாளும் வருதாப்பா?"ன்னு கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வராது சார்"னான். யோசிக்கவே இல்லை, பட்டுன்னு சொன்னான்.

குறிச்சு வச்சிருக்கேன். அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே. சாப்பிட்டுத் தூங்குங்க.